ஈவார் உழுத மணல்

லாஸ்ட் பாண்ட் படுகையில் ஈவார் ஸ்டென்ஸ்ருட் என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். தண்டவாளக்காரன் என்றால் உடனே கையை நீட்டி வீட்டைக் காட்டிவிடுவார்கள். ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் வளைந்துபோனது என்று ஒதுக்கித் தள்ளிய ஒரு தண்டவாளத்தை அவன் கேட்டு வாங்கி, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு சங்கிலி, ஒவ்வொரு சங்கிலிக்கும் இரண்டு குதிரைகள். தரை உறைந்து கிடக்கும் குளிர்காலத்தில் அதை சேஜ் என்னும் சாம்பல் நிறப் புதர்களின் மேல் இழுத்துக்கொண்டு போனால், மார்பளவு உயரம் நின்ற புதர்கள் அடித்தண்டோடு பட்பட்டென்று முறியும். கோடரியும் கொத்தும் வைத்துக்கொண்டு ஒருவன் குளிர்காலம் முழுக்க மாரடித்துச் செய்கிற வேலை, ஈவார் வந்தால் சில நாளில் முடிந்துவிடும்.

அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. மின்னசோட்டாவில் அண்ணன் பண்ணையில் இருந்த காலம் முழுக்க அவன் கூலியாள் மாதிரிதான். மேசையில் கடைசி நாற்காலி, பேச்சில் கடைசி இடம். மேற்கே இந்த வறண்ட படுகைக்கு வந்த பிறகுதான் ஆட்கள் அவனைத் தேடி வந்தார்கள். "ஈவார், அடுத்தது எங்க நிலம்தானே? சொல்லி வெச்சுட்டேன், மறந்துடாதே" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். அதிகம் பேசாதவன், பெரிய உடம்புக்காரன். அப்படித் தட்டும்போதெல்லாம் முகம் சிவந்துவிடும்.

அவன் மனைவி தோரா அவனுக்கு நேர் எதிர். சிறிய உடம்பு, வெடுக்கென்று பேச்சு. முறித்த சேஜ் விறகில்தான் அவள் சமைத்தாள். சர்ரென்று பிடித்து எரிந்து அடங்கிவிடும் விறகு. அடுப்பை விட்டு நகர முடியாது.

"ரொட்டியிலயும் இந்த வாசனை, உன் சட்டையிலயும் இந்த வாசனை. செத்தாலும் என் மேல இருந்து போகாது போல" என்பாள்.

"கற்பூரம் மாதிரி இருக்கு. நல்லாத்தானே இருக்கு?"

"உனக்கென்ன, வெளியில போயிடற. நான்ல அதைத் தின்னணும்."

படுகையின் தாழ்வான பகுதி, வற்றிப்போன ஏரியின் அடிநிலம். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். அங்கே ஒன்றும் விளையாது என்பது பார்த்தாலே தெரியும். அதன் ஓரத்தில் வரிசையாக எழுந்த மணல்மேடுகளில்தான் சேஜ் உயரமாக, அடர்த்தியாக நின்றது. சேஜ் உயரமாக வளர்ந்த இடத்தில் எதைப் போட்டாலும் வளரும் என்று நிலம் காட்ட வந்தவன் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டுமானால் சில வருடம் அங்கேயே குடியிருந்து, அதில் ஒரு பங்கை உழுதே ஆக வேண்டும் என்பது சட்டம். ஆகவே அந்தப் படுகையில் முதலில் உழுதது மேடுகளைத்தான். ஈவாரின் தண்டவாளம் போகாத மேடு அநேகமாக இல்லை.

வந்த முதல் வசந்தத்தில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. சிக்னி என்று பெயர் வைத்தார்கள். சுவரைப் பிடிக்காமல் தளர்நடை போடத் தொடங்கியிருந்த சமயம், அடுத்த குளிர்காலத்தில், கக்குவான் இருமல் வந்தது. டாக்டரைக் கூட்டிவர வேண்டுமானால் பெண்ட் நகரத்துக்குப் போக வேண்டும். பனியில் குதிரைகள் பாதி வழிகூடப் போகவில்லை. ஈவார் திரும்பி வந்தபோது பக்கத்து நிலத்து டெல்லா ப்ரூயிட் வாசலில் நின்றிருந்தாள்.  அவன் கையிலிருந்த கடிவாளத்தை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான்.

டெல்லாதான் குழந்தையைக் குளிப்பாட்டினாள். அவள் கணவன் லேஃப் தன் வீட்டுத் தரைப்பலகையில் நாலைப் பெயர்த்துச் சவப்பெட்டி செய்தான். தாழ்வான நிலம் கல்லாக உறைந்திருந்தது. மணல்மேட்டில் மேலே ஒரு சாண்தான் உறைவு, அதன் கீழே மணல் இளகித்தான் இருந்தது. இடத்தைக் காட்டியது தோரா. நாலாபுறமும் சேஜ் நின்ற ஒரு சிறிய வெளியில் போய் நின்று, காதை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

"இங்க காத்து இல்ல. புதர் மறைக்குது. இங்கேயே வை" என்றாள்.

மறு வருடம் அந்த மேட்டையும் உழ வேண்டிய முறை வந்தது. உழவில்லை என்றால் சட்டம் கேட்ட பங்குக்குக் குறையும். ஈவார் பல நாள் அதைச் சொல்லாமல் தள்ளிப்போட்டான். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

தோரா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அவ இருக்கற இடத்தையா?"

"அவ இருக்கற இடத்தை இல்ல. சுத்தி ஒரு அறை அளவுக்குப் புதரை அப்படியே விட்டுடுவேன். குதிரையைக்கூட அந்தப் பக்கம் கொண்டு போகமாட்டேன். மிச்சத்துலதான்..."

"சுத்தி மொட்டையா இருக்குமே, ஈவார். நடுவுல தனியா கிடப்பாளே."

"மொட்டையா எங்க இருக்கும்? ரை தானியம் விதைக்கப் போறேன். சுத்தியும் பச்சையா இருக்கும். இந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பார்த்து உனக்கும்தான் அலுத்துப்போச்சுன்னு சொன்னியே. அவளைச் சுத்திப் பச்சையா இருக்கட்டும்."

அவன் மனதார அதைச் சொன்னான். பிள்ளைக்கு ஏதோ செய்கிற மாதிரி. தோரா ஜன்னல் வழியே அந்த மேட்டைப் பார்த்து, "சரி" என்றாள்.

அந்தக் கோடையில் மழை தப்பாமல் பெய்தது. ரை பயிர் இடுப்பளவு எழுந்தது. காற்று வீசினால் மேடு முழுக்கப் பச்சை அலையாக மடிந்து நிமிரும். நடுவில் அந்தச் சாம்பல் நிறத் திட்டு மட்டும் அசையாமல் நிற்கும். மாலையில் தோரா அங்கே போய் உட்கார்ந்து தைப்பாள். சில நாள் ஈவாரும் போவான். அந்த ஒரு கோடை நன்றாக இருந்தது. அதை மறுக்க முடியாது.

அதற்கு அடுத்த வருடம் மழை இல்லை. அதற்கும் அடுத்த வருடமும் இல்லை. முளைத்த பயிர் கைவிரல் உயரத்துக்கு மேல் வரவில்லை. வந்ததையும் முயல்கள் கூட்டம் கூட்டமாக வந்து மேய்ந்துவிட்டுப் போயின. பிறகு வசந்தக் காற்று தொடங்கியது.

அந்த மண்ணின் மேலே ரொட்டியின் அடிக்கருகல் போல ஒரு கறுத்த தோல் இருந்தது. மெல்லிய பாசியும் தூசியும் சேர்ந்து இறுகி, யாருடைய கணக்கிலும் வராத காலமாக மணலைப் பிடித்துவைத்திருந்த தோல். முதல் உழவிலேயே அது கிழிந்துவிட்டது. கீழே இருந்தது வெறும் மணல். கையில் அள்ளினால் தண்ணீர் மாதிரி விரலிடுக்கில் இறங்கும். வேர்கள் இருந்தவரை அது மேடாக நின்றது. வேர்கள் மக்கியதும் காற்று எடுத்துக்கொண்டது. ஒரே பிற்பகலில் விதையோடு சேர்ந்து வயல் எழுந்து போனதை ஈவார் கொட்டகைக்குள் நின்று பார்த்தான். எதிரே இருந்த கிணறு தெரியவில்லை. தன் கையே தெரியவில்லை.

லேஃபின் நிலம் மேற்கே இருந்தது. காற்று வரும் திசை. காற்று அடங்கிய மறுநாள் லேஃப் வேலியருகே வந்து நின்று கூப்பிட்டான்.

"ஏய் ஈவார்! என் வயலு உன் வீட்டுக்கு வந்துச்சா? பத்திரமா வெச்சிரு, அறுவடைக்கு வரேன்!"

"வந்துச்சு. ஆனா இங்க தங்கல. கிழக்கே போயிடுச்சு."

"போகட்டும், போகட்டும். அங்கயாவது நல்ல விவசாயி கையில சிக்கும்."

இருவரும் சிரித்தார்கள். அப்போது இன்னும் சிரிக்க முடிந்தது.

வருடம் திரும்புவதற்குள் லேஃபின் கிணறு பாதி தூர்ந்துவிட்டது. வாளியில் தண்ணீரை விடச் சேறு அதிகம் வந்தது. தரையில் கிடந்த தீனியோடு மணலைத் தின்று தின்று ஈவாரின் குதிரைகளில் மூத்தது வயிறு உப்பி, கால்களை உதைத்து, ஒரு நாள் முழுக்கத் துடித்துச் செத்தது. மற்றவற்றின் தீனியைத் தொட்டியில் போட்டுச் சாக்கால் மூடிவைக்க வேண்டியதாயிற்று.

லேஃப் குடும்பம் கிளம்பியது வெயில் அடித்த ஒரு அமைதியான காலையில். கொட்டகைத் தகரத்தைக்கூடக் கழற்றி வண்டியில் கட்டியிருந்தார்கள். ஈவார் கயிறு இழுத்துக் கட்ட உதவினான். டெல்லா தோராவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஈவாரைப் பார்த்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாமப் போனா நெஞ்சுல அடைச்சுக்கும்."

"டெல்லா, வேண்டாம்" என்றான் லேஃப்.

"கையால புடுங்கியிருந்தா இவர் கால் பங்கு நிலத்தைக்கூட உழுதிருக்க மாட்டாரு. சோம்பேறி. அந்தச் சோம்பேறித்தனமே எங்களைக் காப்பாத்தியிருக்கும். நீ வந்து ஒரே வாரத்துல எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டே."

"நான்தானே அவனைக் கூப்பிட்டேன்?" என்றான் லேஃப். "வாயை மூடிட்டு உட்காரு."

லேஃப் ஈவாரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி போன பிறகு ஈவார் அங்கேயே நின்றிருந்தான். தோரா அவன் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. வீட்டுக்குள் போய்விட்டாள்.

மேட்டின் நடுவே விட்டுவைத்த திட்டு இப்போது திட்டாக மட்டும் இல்லை. சுற்றிலும் மணல் போகப் போக அது மேலே எழுந்து நிற்பது போல ஆகிவிட்டது. உண்மையில் அது எழவில்லை, மற்றதெல்லாம் இறங்கிவிட்டது. ஓரத்துப் புதர்களின் வேர்கள் காற்றில் தொங்கின. தோரா தினமும் மண்வெட்டியும் வாளியுமாகப் போவாள். கீழேயிருந்து மணலை அள்ளிக்கொண்டுபோய் ஓரங்களில் கொட்டி, நனைத்த சாக்குகளைப் போர்த்தி, ஜுனிப்பர் மரக் கிளைகளை வெட்டிப் பரப்பி, கல் வைப்பாள். மறுநாள் சாக்கு எங்காவது வேலியில் கிடக்கும்.

ஈவார் வேறொன்று செய்தான். தெற்கே, இன்னும் யாரும் உழாத நிலத்துக்கு வண்டியை ஓட்டிப் போய், சேஜ் புதர்களை வேரோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பிரசவித்த பெண்ணைக் கூட்டிவருகிற மாதிரி மெதுவாக ஓட்டி வந்து மேட்டில் நட்டான். கிணற்றுத் தண்ணீரை வாளியில் சுமந்து ஊற்றினான். வேரோடு என்று நினைத்தானே தவிர, அந்தச் செடியின் ஆணிவேர் போன ஆழத்தை அவன் தோண்டிய எந்தக் குழியும் எட்டவில்லை. நட்ட செடி வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். இலை உதிராது, நிறம் மாறாது. சாம்பல் நிறச் செடியில் பட்டுப்போனதற்கும் உயிரோடிருப்பதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கிளையைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்காது. அவன் கிள்ளிப் பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

தபாலும் சாமானும் ஹைரம் வைத்திருந்த கடையில்தான். காற்றில்லாத நாட்களில் மிச்சமிருந்த ஆட்கள் அங்கே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்.

"வாய்யா தண்டவாளம்!" என்றான் ஹைரம். "என்ன, பிள்ளைங்க எல்லாம் எப்படி இருக்கு? பால் குடிக்குதா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"இந்த நாட்டுல இருக்கற செடியை எல்லாம் புடுங்கினவன், இப்ப ஒண்ணொண்ணா கையில ஏந்தித் திரும்ப வெச்சுக்கிட்டு இருக்கான். எங்க நிலத்துலயும் ரெண்டு வெச்சுட்டுப் போ ஈவார். வரிசையில சொல்லி வெச்சிருக்கேன், மறந்துடாதே."

ஈவார் மண்ணெண்ணெயும் உப்பும் கேட்டுவிட்டுக் காத்து நின்றான். கடைசியில், "தண்ணிதான் ஊத்தறேன். பால் இல்ல" என்றான். அதைக் கேட்டு அவர்கள் முன்னைவிட அதிகமாகச் சிரித்தார்கள். ஹைரம் மட்டும், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்திக்கொண்டு உப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டான்.

மறு ஏப்ரலில் அடித்த காற்று நாள்கணக்கில் ஓயவில்லை. விளக்கு பகலிலும் எரிந்தது. சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்தே வைத்திருந்து, பரிமாறும் நொடியில் நிமிர்த்தினார்கள். காற்று நின்ற காலையில் தோரா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். மதியம் வரை வரவில்லை. ஈவார் போய்ப் பார்த்தான்.

திட்டின் மேற்குப் பக்கம் பாதி காணாமல் போயிருந்தது. தோரா அங்கே சரிவில் உட்கார்ந்திருந்தாள். பாவாடையை இருபுறமும் விரித்து, கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டு. விழுந்து காலை முறித்துக்கொண்டாளோ என்று நினைத்து ஓடினான்.

"என்ன ஆச்சு? எழுந்திரு, தோரா."

"எழுந்தா அவ மேல காத்து அடிக்கும்."

அவனுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு பாவாடையின் ஓரத்தில் லேஃப் வீட்டுத் தரைப்பலகையின் மூலையைப் பார்த்தான். பலகை வெளுத்திருந்தது. மணல் தேய்த்துத் தேய்த்து ஆணித்தலைகள் பளபளத்தன.

அவன் முழங்காலிட்டு உட்கார்ந்தான். கையால் மணலை அள்ளிப் பெட்டியின் மேல் போட்டான். அது சரிந்து ஓடியது. மறுபடி அள்ளிப் போட்டான். மறுபடி ஓடியது. அவன் நிறுத்தவில்லை.

"விடு" என்றாள் தோரா. "எடுத்துடு. அவளை எடுத்துடு."

"படுகை ஓரத்துப் பாறைக்குக் கொண்டு போறேன். அங்க கடப்பாரை போட்டு எவ்வளவு முடியுமோ தோண்டி, மேல கல்லா அடுக்கிடறேன். கல்லைக் காத்து எடுக்காது."

"இந்த மண்ணுல வேண்டாம். பெண்டுக்குக் கொண்டு போவோம். சர்ச்சுல இடம் கேப்போம். புல்லு முளைக்கற இடத்துல வைப்போம்."

பெட்டி ரொம்ப லேசாக இருந்தது. அவ்வளவு லேசாக இருக்கும் என்று ஈவார் நினைத்திருக்கவில்லை. பலமாகத் தூக்கப் போய் தடுமாறிவிட்டான். போர்வையில் சுற்றி வண்டியில் வைத்தார்கள். தோரா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டாள். பெண்ட் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் தங்கினார்கள். வழியில் அவர்கள் பேசிக்கொண்டது குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதைப் பற்றி மட்டும்தான்.

பெண்டில் போதகர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பைன் மரங்களுக்குக் கீழே இடம் கொடுத்தார். மண் கறுப்பாக, ஈரமாக, வெட்டினால் வெட்டின வடிவத்தில் நின்றது. ஈவார் அந்தக் குழியின் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

மரம் அறுக்கும் மில் தொழிலாளிகள் தங்கும் விடுதி ஒன்றில் சமையலுக்கு ஆள் தேவை என்று போதகரின் மனைவி சொன்னாள். தோரா அன்றே போய்ப் பேசிவிட்டு வந்தாள். வண்டியருகே நின்றிருந்த ஈவாரிடம், "நீ கிளம்பு. ஹைரம்கிட்ட விட்டுட்டு வந்த குதிரையைத் திரும்பக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள்.

"நீ எப்ப வர?"

"நான் வரல, ஈவார்."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றினான். "இன்னும் கொஞ்ச காலம்தான். அதுக்கப்புறம் நிலம் நம்ம பேருக்கு வந்துடும்."

"எந்த நிலம்?" என்றாள் தோரா. கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாதவள் போலக் கேட்டாள்.

அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

நிலம் அவன் பெயருக்கு வந்தது. பட்டா வந்த தபாலைக் கையில் கொடுத்தபோது ஹைரம் கடையில் வேறு யாரும் இல்லை. அலமாரிகள் காலி. ஹைரமும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னோட வந்துடுய்யா. வண்டியில இடமிருக்கு. இங்க யாருக்கு அந்தப் பட்டாவைக் காட்டப் போற?"

"போன வருஷம் நட்டதுல ஒண்ணு பிடிச்சிருக்கிற மாதிரி தெரியுது" என்றான் ஈவார்.

ஹைரம் இந்த முறை கேலி செய்யவில்லை.  "சரிய்யா" என்று மட்டும் சொன்னான்.

ஒன்றாவது பிடித்தால் போதும் என்று ஈவார் இருந்தான். ஒன்று வேர் விட்டால் தோராவிடம் போய்ச் சொல்லலாம். என்ன சொல்வது, சொன்னால் என்ன ஆகும் என்றெல்லாம் யோசிக்கவில்லை. விட்டுவிட்டுப் போனால், செய்தது எல்லாம் அப்படியே செய்ததாகவே நின்றுவிடும் என்று மட்டும் தோன்றியது. ஆகவே தோண்டினான், சுமந்தான், நட்டான், ஊற்றினான். ஒரு வசந்தத்தில் நல்ல மழை பெய்தபோது, லேஃப் விட்டுப்போன நிலத்தின் தாழ்ந்த மூலையில், யாரும் நடாத, யாரும் தண்ணீர் ஊற்றாத இடத்தில், கட்டைவிரல் உயரத்துக்கு சேஜ் கன்றுகள் தாமாக முளைத்திருந்தன. ஈவார் அவற்றின் நடுவே போய் உட்கார்ந்துகொண்டான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் வயிறு எரிந்தது. தன் மேட்டில் ஒன்றுகூட இல்லை.

மேடு நகர்ந்து வந்து வீட்டின் மேற்குச் சுவரைத் தொட்டது. ஜன்னலை மூடியது. இருமல் வந்து நெஞ்சில் தங்கியது. முகத்தில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு தூங்கினான். எழுந்தால் துணியில் சேறு இருக்கும். ஒரு காலையில் கதவைத் திறந்தபோது மணல் ஒரு விருந்தாளியைப் போல உள்ளே வந்து மேசைவரை பரவியது. அவன் அதை வாரவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

விடுதியின் பின்கதவைத் தட்டியபோது தோரா வந்து திறந்தாள். அவன் எப்படி இருந்தான் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"உள்ள வா" என்றாள். "காலை உதறிட்டு வா."

அதன் பிறகு அவர்கள் சேர்ந்தே இருந்தார்கள். சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை. அவனுக்கு மில்லில் பலகை அடுக்கும் வேலை கிடைத்தது. மரத்தூள் நெஞ்சுக்கு ஆகவில்லை என்றாலும் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். தோரா உள்ளே போய்க் களை பிடுங்குவாள்; ஈவார் வேலியருகே நிற்பான். களையைக்கூட அவன் பிடுங்கமாட்டான். மேட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, அவனும் பேசவில்லை. சண்டையும் இல்லை. இரண்டு பேர் ஒரு நோயாளியின் அறையில் நடமாடுவது போல அந்த வருடங்களை நடந்து கடந்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஐயோவாவிலிருந்து ஒரு இளம் தம்பதி விடுதிக்கு வந்து தங்கினார்கள். வெண்டல், ஐடா. கைக்குழந்தை ஒன்று. சாப்பாட்டு மேசையில் வெண்டல் ஒரு புகைப்படத்தை எல்லாருக்கும் காட்டினான். அதில் ஒரு மனிதன் குதிரை மேல் உட்கார்ந்திருந்தான்; சுற்றிலும் சேஜ், சேணத்தைத் தொடும் உயரம்.

"பாருங்க, செடியே இவ்வளவு உயரம்னா மண்ணு எப்படி இருக்கும்! லாஸ்ட் பாண்டாம். யாரோ சோம்பேறிங்க விட்டுட்டு ஓடிப்போன இடமாம். எங்களுக்கு நல்ல காலம்."

ஈவார் கரண்டியை வைத்தான். "அங்க போகாதீங்க, தம்பி."

"ஏன் பெரியவரே?"

"அந்தச் செடி இருக்கற வரைக்கும்தான் அங்க மண்ணு. அதை எடுத்துட்டா ஒண்ணும் இல்ல. காத்துதான் இருக்கும்."

"நீங்க அங்க இருந்திருக்கீங்களா?"

"இருந்தேன். நான்தான் எடுத்தேன்."

மேசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். வெண்டல் மரியாதையாகவே பேசினான். "உங்க காலத்துல மழை இல்லாம இருந்திருக்கும். இப்ப நல்ல மழைன்னு சொல்றாங்க. உங்களுக்குச் சரியா அமையலைன்னா எல்லாருக்கும் அப்படியா?"

ஈவார் வாயைத் திறந்தான். இருமல் வந்துவிட்டது. அப்போது தோரா சூப் பாத்திரத்தோடு வாசலில் நின்றிருந்தாள். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, ஐடாவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"பொண்ணா, பையனா?"

"பொண்ணுங்க."

"எனக்கும் பொண்ணு. அங்க புதைச்சோம். மணல் அவளை வெளியில தள்ளிடுச்சு. நான் அந்தப் பெட்டி மேல உட்கார்ந்துகிட்டு இருந்தேன்மா, காத்து படாம இருக்கட்டும்னு. போகாதே. உன் புருஷன் போகட்டும். நீ இங்க என்கூட இரு. சமையலுக்கு ஆள் வேணும்."

 ஐடா குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள். "ஊர்ல இருந்ததை எல்லாம் வித்துட்டு வந்துட்டோம் அம்மா. திரும்பிப் போக ஒரு இடம் இல்ல" என்றாள். வெண்டல் எழுந்து அவளைக் கைத்தாங்கலாக மாடிக்குக் கூட்டிப் போனான். விடிந்ததும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஐடா திரும்பிப் பார்த்தாள் என்று சொன்னார்கள். தோரா அடுப்படியில் இருந்தாள்.

அன்று பாத்திரம் துலக்கும்போது ஈவார் அவள் பக்கத்தில் நின்று துடைத்து வைத்தான். வழக்கமாகச் செய்யாத வேலை.

"நான் கேட்டிருக்கக் கூடாது. உன்கிட்ட அந்த மேட்டைக் கேட்டிருக்கக் கூடாது" என்றான்.

தோரா தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. "பச்சையா இருக்கும்னு நீ சொன்னே. நானும் ஆசைப்பட்டேன். சரின்னு சொன்னது நான்தானே. அதை நினைச்சு நினைச்சுத்தான் உன் முகத்தைப் பார்க்க முடியாமப் போச்சு. உன் மேல கோவம்னு நீ நினைச்சுக்கிட்டே. நானும் அப்படியே விட்டுட்டேன்."

அவன் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏற்கெனவே துடைத்த தட்டு அது. இத்தனை வருடம் கழித்து இதைக் கேட்டதும் மனசு ஆறும் என்று யாரும் நினைக்கலாம். ஆறவில்லை. இரண்டு பேரும் தனித்தனியே ஒரே சுமையைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரிந்ததில் அது இன்னும் கனத்ததே தவிரக் குறையவில்லை. ஆனாலும் அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வேலியைத் தாண்டி உள்ளே வந்து நின்றான்.

ஒரு குளிர்காலத்தில் அவன் நெஞ்சு முழுதாக அடைத்துக்கொண்டது. டாக்டர் இங்கே பக்கத்துத் தெருவிலேயே இருந்தார். வந்து பார்த்தார், கையை விரித்துவிட்டார். ஈவாரைக் குழந்தைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். தோரா விடுதிச் சமையலை விடவில்லை. வேறு போக்கிடம் இல்லை.

அதற்கும் பிறகு, ஒரு இலையுதிர்காலத்துப் பிற்பகலில், அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது தெருவில் ஒரு வண்டி வந்தது. மேலே மெத்தையும் கவிழ்த்த நாற்காலிகளும் கட்டியிருந்தன. ஓட்டுகிறவனை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. வெண்டல் மெலிந்து, தாடி வளர்த்திருந்தான். பக்கத்தில் ஐடா தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வண்டி விடுதி வாசலில் நிற்கவில்லை. ரயில் நிலையத்தை நோக்கி அப்படியே போனது.

வண்டியின் பின்பக்கம் தெரிய வேண்டுமானால் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்க்க வேண்டும். மூட்டைகளுக்கு நடுவே அந்தக் குழந்தை உட்கார்ந்திருக்கிறதா என்று அங்கிருந்து பார்த்தால் தெரியும். தோரா போகவில்லை. கிழங்குகளைத் தண்ணீரில் போட்டு, பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினாள்.